ஜாடிக்குள் சேறு

ஆழ்துளையிலிருந்து மேலே வரும் சேற்றில் காற்று சிக்கியிருந்தால் எடை குறைத்துக் காட்டும். அதனால் புவனா சேற்றைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி மூடி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் நிறுப்பாள். பள்ளிப்பட்டு சாலையில் துளை போடும் ரிக் வந்து நின்றதிலிருந்து இதுதான் அவள் வேலை.

அன்று குமிழிகள் ஓயவில்லை. சேறு விம்மித் தாழ்ந்தது. மூடியின் உட்புறத்தில் ஆவி படிந்தது, விலகியது, மறுபடி படிந்தது.

ரிக் ஆபரேட்டர் கங்காதரன் அவள் சேறு நிறுக்கும் கொட்டகைக்குள் வந்தார். பூட்ஸ் கையில் இருந்தது.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்கே?"

"காத்து எடுக்கறேண்ணா. வந்துகினே இருக்குது."

"செருப்பைக் கழட்டிட்டு நில்லு."

நின்றாள். பாதத்துக்கு அடியில் தரை ஏறி இறங்கியது, ஜாடிச் சேற்றின் அதே நிதானத்தில். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் குறைவாக ஏறியது.

"மூச்சு அடங்கிகினே போவுது," என்றார் கங்காதரன் தணிந்த குரலில்.

புவனா பம்பை நிறுத்தி, மூடியின் வால்வைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது.

தரை மெல்ல அவர்களைத் தூக்கியது. எப்போதும் அண்ணாந்து பார்க்கும் மலைக்கோயில் கோபுரம், ஜன்னலில் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. பிறகு தரை தாழ, கோபுரம் நிதானமாக மேலே போனது.