சிவப்பு வில்லை

தடுப்பூசி போடாமல் ஊருக்கு ஓர் ஆட்டை விட்டுவைக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்டையும் ஆளையும் தாக்கும் கிருமி வந்தால் முதலில் அதற்குத்தான் காய்ச்சல் காணும். உடனே அதைக் கொன்றுவிட்டு ஊரை உஷார்ப்படுத்துவார்கள்.

இந்த ஊரில் அப்படி விட்டுவைத்த ஆட்டின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர், அதை வளர்க்கும் ஆவுடைத்தாயை முறைத்தார். "எதிர்ப்புச் சக்தி இருக்கே. திருட்டுத்தனமா ஊசி போட்டியாம்மா?"

"போடல சார். போன மாசம் காய்ச்சல் வந்திச்சு. சொன்னா கொன்னுருவீயன்னு வீட்டுக்குள்ள வச்சுக் கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சேன்."

"அப்ப இது இனி காவலுக்கு ஆகாது." காவல் ஆட்டுக்கு அடையாளமாக அதன் காதிலிருந்த சிவப்பு வில்லையைக் கழற்றிய கையோடு, அதை மாட்ட அருகில் நின்ற அதன் குட்டியைப் பிடித்தார்.

ஆவுடைத்தாய் குறுக்கே வந்து, முடியை ஒதுக்கித் தன் காதைக் காட்டினாள்.

"எனக்கும்தான் ஊசி போடல. இங்க மாட்டுங்க. காய்ச்சல் வந்தா நானே வாயால சொல்லுதேன். அப்புறம் கொல்ல வாங்க, பாப்போம்."