இரண்டு கையிலும் ஊசி

பாருங்கள் கண்ணுகளா, ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெஞ்சில் ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். நாள் தள்ளிப் பத்து நாளாகிறது. முந்தாநாள் ஊசி குத்திய இடது கை கன்றியிருக்கிறது. இன்று குத்திய வலது கையில் பஞ்சு. ஹார்மோன் அளவு இரண்டு நாளில் இரட்டிப்பானால் கரு நிற்குமென்று நம்பலாம் என்றிருக்கிறார் டாக்டர். ஜன்னல் வெயில் அவள் செருப்புவரை வந்துவிட்டது. "குமட்டுதா?" என்று ஆசையாகக் கேட்கிறான் கணவன். "இல்ல." "கொஞ்சம்கூடவா?" "வாந்தி வந்தா உங்க சட்டை மேலதான் எடுப்பேன், போதுமா?" ரத்தம் எடுத்த அக்கா தாளை நீட்டுகிறாள். "ஏறியிருக்கும்மா. ஆனா ரெட்டிப்பாகல. நாளன்னைக்கு மறுபடி எடுக்கணுமாம்." அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தாளில் இல்லை. "இனி எந்தக் கையிலக்கா குத்துவீங்க?" என்கிறாள் அவள். கணவன், எந்தக் கையைப் பிடித்தாலும் வலிக்குமென்று, அவள் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்கிறான்.