சாங்கியச் சிரிப்பு

மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள்.

நெற்றியில் ஒற்றை ரூபாய். மூக்கில் பஞ்சு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. மார்புவரை ரோஜா மாலை.

மாலையில் எறும்பு வேறு. ஒன்று கழுத்தில் ஏறிவிட்டது.

செத்தவளை எறும்பு கடிக்கலாம். செத்தவள் சொறியக் கூடாது. தொழில் அப்படி.

இத்தனை வருஷ சினிமாவில் செவ்வந்திக்குக் கிடைத்தது ஒரே வேடம்தான். கையைத் தட்டிக்கொண்டு வருவாள். கதாநாயகன் அலறிக்கொண்டு ஓடுவான். தியேட்டர் சிரிக்கும். ஒரு திருநங்கைக்கு அதற்கு மேல் எழுத எவர் பேனாவிலும் மை இல்லை.

பேச்சியின் பேனாவில் இருந்தது.

சின்னப் பெண். முதல் படம். "அம்மா வேஷம்க்கா" என்றாள். கிண்டலாக்கும் என்று நினைத்தாள் செவ்வந்தி. கிண்டலில்லை. தறி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்குகிற அம்மா. படம் முழுக்க அவள்தான். திருநங்கை என்று ஒரு வசனம்கூடக் கிடையாது. அம்மா, அவ்வளவே.

ஒன்றுதான் இடித்தது. பேச்சி எடுப்பது தன் ஊரான அருப்புக்கோட்டையில். செவ்வந்திக்கும் அதுதான் ஊர்.

பள்ளிக்கூட வயதில் ஓடிப்போனவள். எனக்கு மகனே இல்லை என்று அப்பா குடம் உடைத்துத் தலைமுழுகினார். அம்மா "மகனே, மகனே" என்று மாரடித்து அழுதாளாம்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு! எந்த ஊர் நியாயம் இது?

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருக்கிறாள். அதே வீட்டில்.

நரைத்த விக், வரைந்த சுருக்கம், யாருக்குத் தெரியப்போகிறது என்று செவ்வந்தி வந்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வந்த அன்றே தெரிந்துவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. அம்மாவும் வரவில்லை.

வராமலிருந்ததும் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய். தினமும் ஷாட்டுக்கு ஷாட் வேடிக்கைக் கூட்டத்தைத் துழாவினாள்.

இன்று படத்தில் அம்மா சாகும் காட்சி.

அழுவதற்குச் சென்னையிலிருந்து ஆள் இறக்க மாட்டேன் என்றாள் பேச்சி. தறிக்காரத் தெருப் பெண்களே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் டேக்கில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அடுத்த டேக்கில் இன்னொருத்தி, பிணத்துக்கு வேர்க்கிறதே என்று முந்தானையால் விசிறிவிட்டாள்.

பேச்சி கோபப்படவில்லை. மறுபடி போவோம் என்றாள்.

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆக்‌ஷன்.

சொல்லிக்கொடுத்தபடியே அழுதார்கள். என்னைப் பெத்த தாயே. என்னைப் பெத்த தாயே.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்லக் கிளம்பியது.

பொட்டு வச்சுப் பாக்கலியே
பூ முடிஞ்சு பாக்கலியே
நான் பெத்த மகளே...

மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

கதைப்படி செத்துக் கிடப்பது அம்மா. சுற்றி அழுவதெல்லாம் மகள்கள். எவளோ முறை மாற்றி அழுகிறாளே என்று உதவி இயக்குநர் பையன் கையைத் தூக்கினான். பேச்சி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கேமரா ஓடியது.

அந்தக் குரலைச் செவ்வந்திக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சிக்கு எழுப்பிய குரல்.

மகளே என்கிறது.

அய்யோ, பிணம் அழக் கூடாதே.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். எறும்பே, இப்போது கடியேன் என்று வேண்டிக்கொண்டாள். மூடிய இமைக்குள் மளமளவென்று நிறைந்தது. ஒரு சொட்டு உருண்டால் ஷாட் போச்சு. ஷாட் போனால் குரலும் நின்றுவிடும்.

உருளவில்லை. கடைசிவரை உருளவில்லை.

கட்.

உதவி இயக்குநர் பையன் மூக்கைச் சிந்தினான்.

சினிமாவில் ஒரு சாங்கியம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கென்றே கொஞ்ச நேரம் கேமராவை ஓட விடுவார்கள். சிரிக்காமல் போனால் ஆயுசுக்கு ஆகாது. காலையிலேயே மேக்கப்காரர் இதைத் தெருப் பெண்களிடம் அளந்துகொண்டிருந்தார்.

செவ்வந்தி எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணியது. அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் கொட்டியது. வரைந்த சுருக்கமெல்லாம் கரைந்து ஓடியது.

பேச்சிக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. பரவாயில்லை, விடுங்கள் என்று சைகை காட்டினாள். கேமராக்காரர் கேமராவை அணைக்கக் கை நீட்டினார்.

பின்வரிசையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள்.

கேமராக்காரரை ஒரு முறை முறைத்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

விழுந்து கிடந்த ரூபாயைப் பொறுக்கித் தூர எறிந்தாள். மூக்குப் பஞ்சை எடுத்தாள். கால் கட்டை அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"சிரி தாயி. ஒங்கப்பன் கொடம் ஒடச்ச அன்னிக்கி ஒன்ன எந்திரிச்சுச் சிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

செவ்வந்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கு ஒழுக, விக் சரிய, சின்னப் பிள்ளை மாதிரி.

அம்மாவுக்கு அது போதவில்லை. மகளின் தாடையைப் பிடித்து, முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினாள்.