நாலு சக்கரத்திலும் சிவப்புப் பொட்டு

எஸ்டேட் துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சரிவில் இறங்கியது. துரையின் பக்கத்தில், இரத்தினபுரிக்கு இன்டர்வியூவுக்குப் போகும் ஸ்டெபானி.

"நம்ம புள்ள போகுதேங்க. பிரேக் பிடிக்குமா?" கராஜ் வாசலில் நின்று கேட்டாள் பிலோமினா.

"நான் பாத்த பிரேக்குடி," என்று சிரித்தார் மெக்கானிக் லூர்து. "ஒரு சக்கரத்துல பிரேக் பைப் நட்டு லூசா இருந்தாலும் பிரேக் ஒயில் ஒழுகிரும். அதான் இறுக்குன நட்டுல மட்டும் ஒன்னோட நெயில் பாலிஷால பொட்டு வைப்பேன். சாப்பிட்டு வந்து பாத்தேன், நாலு சக்கரத்துலயும் பொட்டு இருந்துச்சு. ஜாக்க எறக்கிட்டேன்."

பிலோமினாவின் முகம் வெளுத்தது.

"ரெண்டுலதாங்க இருந்துச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சு, மத்த ரெண்டுலயும் நான்தான் வச்சேன்."

கீழே, வளைவில் ஹார்ன் விடாமல் அலறியது.