நடுவில் டிரம்மர்

"தம்பி, மூணாவது பாட்டுல வேகத்தைக் கொஞ்சம் குறைக்கணும்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் பாடகி.

"அவர்" நாலடி தள்ளி உட்கார்ந்து கிதாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

டிரம்மர் அந்தப் பக்கம் திரும்பினான். "வேகத்தைக் குறைக்கணுமாம்."

"குறைச்சா பாட்டு தூங்கி வழியும்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

"தூங்கி வழியுமாம்."

நாட்டுப்பாட்டை ராக்கோடு கலந்து பாடும் குழு அது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மேடையில், பாடகி கடைசிச் சரணத்துக்கு வாயைத் திறக்கும்போதே கிதார்காரர் பாட்டை முடித்துவிட்டார். கூட்டமும் கைதட்டிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேடையில் காதல் பாட்டு மட்டும் சேர்ந்து பாடுவார்கள்.

முதலில் புல்லாங்குழல்காரர்தான் தூது போய்க்கொண்டிருந்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வேறு குழுவில் சேர்ந்துவிட்டார். அடுத்து பேஸ் கிதார்காரர். அவர் டீ என்றுகூடச் சொல்லவில்லை. மிஞ்சியது டிரம்மர்தான். வேனிலும் இருவருக்கும் நடுவில் அவனுக்குத்தான் சீட். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்?

"கடைசிச் சரணத்தை இந்தத் தடவையாவது பாட விடுவாரான்னு கேளு."

"மூச்சு இருந்தா பாடட்டும்னு சொல்லு."

டிரம்மர் குச்சிகளைப் பைக்குள் போட்டான்.

"இதை நான் சொல்ல மாட்டேன். என்னையும் வேற குழுவுல கூப்பிட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசினா இருக்கேன். இல்லேன்னா கிளம்பறேன்."

சனிக்கிழமை கச்சேரி. டிரம்ஸும் போய்விட்டால் குழு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"தம்பி," என்றார் பாடகி மெதுவாக. "டிரம்மர் போறானாம்னு அவர்கிட்ட சொல்லு."

"காதுல விழுந்துச்சு. இப்ப என்ன பண்றதாம்னு அந்தம்மாவைக் கேளு."

டிரம்மர் யாரையும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டான்.

கிதார்காரர் கிதாரைக் கீழே வைத்தார். நான்கு மாதத்தில் முதல் முறையாகப் பாடகியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எல்லாம் நீ குடுத்த செல்லம்."

"நான் என்ன செல்லம் குடுத்தேன்?" என்றார் பாடகி, அவரை நேராகப் பார்த்தே. "பெத்தவதான் நான். பிடிவாதத்துல அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான்."