டாக்டர்தான் வேணும்

"எனக்கு டாக்டர்தான் வேணும். இவ பார்க்க வேணாம்."

அம்மாவின் குரல் கணீரென்று கூடம் முழுக்கக் கேட்டது. விடாமல் இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் அறை வாசலில் நின்றிருந்த மகளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தினமும் நாலு பேர் சொல்லத்தான் செய்கிறார்கள். பெற்ற தாயே சொன்னால்?

அவள் நர்ஸ்தான். ஆனால் நோயாளியைத் தானே சோதித்து, தானே மருந்தும் எழுதித் தருகிற நர்ஸ். அதற்கென்று மேல்படிப்புப் படித்து, பரீட்சை எழுதி, உரிமமும் வாங்கியவள். எத்தனையோ நாடுகளில் எப்போதோ வந்துவிட்ட வேலை. இந்தக் கிளினிக்குக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அதுவும் சோதனை முறையில். ஜனங்கள் வந்தால் இரண்டாம் அறை இருக்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் அறையைப் பூட்டி, அவளைப் பழையபடி வார்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போதுதான் நாலு பேர் தயங்காமல் வர ஆரம்பித்திருந்தார்கள். "கைராசிக்காரப் பொண்ணு" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனதில் அவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

அந்த நேரம் பார்த்து இந்த அம்மா வந்து நிற்கிறாள்.

"அம்மா, டாக்டர்கிட்ட ஏகப்பட்ட கூட்டம். உனக்கு என்ன பண்ணுது? உள்ள வா, நான் பார்க்கறேன்."

"அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்."

"மூட்டு வலியா?"

"இல்லை."

"மறுபடியும் தலைசுத்தலா?"

"ஏன்டி நோண்டறே? போய் உன் வேலையைப் பாரு."

"இதுதாம்மா என் வேலை!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா காதில் விழாதவள் போல, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை இதுவரை பார்க்காததைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இதே அம்மா என்ன பாடு படுத்துவாள்! சேர்ந்தாற்போல் இரண்டு கொட்டாவி வந்தால் போதும், "கொஞ்சம் பிரஷர் பாருடி" என்று கையை நீட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தலைவலி என்றால், "டாக்டர் எதுக்கு? எம் பொண்ணு பார்ப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவாள். குளித்துக்கொண்டிருந்தவளைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டு, விரலில் ஏறிய முள்ளைக் காட்டிய நாளும் உண்டு. அப்போதெல்லாம் இல்லாத டாக்டர் இன்றைக்கு எங்கிருந்து முளைத்தார்?

இரண்டாம் அறைக்கு முதல் ஆளாகக் காத்திருந்த வழுக்கைத் தலைக்காரர் மெல்ல எழுந்து டாக்டர் வரிசைக்கு நகர்ந்தார்.

"சார், அடுத்து நீங்கதான். வாங்க."

"இல்லம்மா, நான் டாக்டரையே பார்த்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. பெத்தவங்களே யோசிக்கறாங்க..."

அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

காலியான அறைக்குள் வந்து உட்கார்ந்தவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது கச்சேரி. இனிமேல் பிரஷரும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. கொட்டாவி வந்தாலும் டாக்டரிடமே போகட்டும்!

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

உள்ளே, சோதிக்கிற கட்டிலில் உட்கார்ந்து அம்மா உடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததுமே மகள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"நீங்களே கேளுங்க டாக்டர்! அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டாங்க. எனக்காக உட்கார்ந்திருந்தவங்களும் எழுந்து போயிட்டாங்க. நாளைக்கு அந்த ரூமை மூடினா அதுக்குக் காரணம் இவங்கதான்!"

"முதல்ல உட்காரும்மா" என்றார் டாக்டர். பிறகு அம்மாவிடம், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டரம்மா. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

டாக்டர் நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இடது மார்புல ஒரு கட்டி இருக்கு. சின்னதுதான். ஸ்கேன் எடுத்து, ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் என்னன்னு சொல்ல முடியும். தள்ளிப் போடாம வந்துட்டாங்க, அதுவே நல்லதாப் போச்சு."

மகளின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா தொட்டுப் பார்ப்பே. பார்த்துட்டு, நீதானே அதை வாயைத் திறந்து சொல்லணும்? பெத்தவகிட்ட எப்படிடி சொல்லுவே?"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த நிமிஷம் கூடத்தில் அதே கணீர்க் குரல், அந்த வழுக்கைத் தலைக்காரரிடம்:

"நீங்க ஏங்க இந்த வரிசையில நிக்கறீங்க? ரெண்டாவது ரூமுக்குப் போங்க. எம் பொண்ணு கைக்கு எதுவும் தப்பாது. அதுக்குப் பயந்துதான் நான் போகலை!"