நாலாம் வசனம்

இந்த ஞாயிறும் லாண்டரித் தங்கச்சி நாலாம் வசனத்தில் வந்து நின்றுவிட்டாள்.

முதல் மூன்று வசனமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலாவதில், அன்பு பொறுமையாக இருக்கும் என்று வருகிற இடத்தை ஆரம்பித்தாள். அவ்வளவுதான். வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சபை காத்திருந்தது. எதிர் வரிசையில் யாரோ இருமுகிற சாக்கில் சிரித்தார்கள்.

வசன அக்காவுக்கு மானமே போயிற்று.

அந்தச் சபையில் மாதம் ஒரு வேதபகுதியை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். இடப்பக்கம் உட்காருகிறவர்கள் ஒரு குழு, வலப்பக்கம் ஒரு குழு. ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக எழுந்து, மனப்பாடம் ஆன வரைக்கும் சொல்ல வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றில் ஒருவர் விடாமல் முழுதும் ஒப்பிக்கிற குழுவுக்கு ஷீல்டு. வலப்பக்கத்துக்குப் பொறுப்பு வசன அக்கா. இரண்டு வருஷமாக ஷீல்டு அவள் பக்கம்தான். இடப்பக்கத்துப் பொறுப்பாளரான மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

இதுவரை சின்னச் சின்னப் பகுதிகள். தங்கச்சியும் பிசகாமல் சொல்லிவந்தாள். இந்த மாதம் அன்பைப் பற்றிய அதிகாரம், பதின்மூன்று வசனம். கடைசி ஞாயிற்றுக்கு இன்னும் ஒரே வாரம்.

ஆராதனை முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்து, ஞாபகசக்திக்குக் கடையில் நல்ல டானிக் வந்திருப்பதாக மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வசன அக்கா நேரே பாஸ்டரிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். தான் படாத பாடா? ஒரு பக்கம் தபால் ஆபீஸ் வேலை, இன்னொரு பக்கம் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கையாக மாமியார். காலையில் அடுப்படியில் நின்றபடியே சத்தமாகச் சொல்லிப் பார்த்து, மிச்சத்தைப் பஸ்ஸில் மனசுக்குள் ஓட்டி, அப்படித்தானே படிக்கிறாள்? மனசு வைத்தால் வராதா என்ன? தங்கச்சியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றாள்.

மாமியாரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவள் என்று சபையில் அவளுக்குத் தனி மரியாதை. பாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. "அதை நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று நழுவிவிட்டார்.

தங்கச்சி குடியிருப்பது அக்காவுக்குப் பக்கத்து வீடுதான். அன்று சாயங்காலமே போய்க் கதவைத் தட்டினாள்.

தங்கச்சி பதறிப்போய், அடுப்படியில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் துவைத்து அவள் விரல்நுனியெல்லாம் வெளுத்திருந்தது. மாதாமாதம் அக்கா கொடுத்த வசனத் தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தாள். அதில் ஒன்று தலைகீழாக இருந்தது. வசன அக்கா அதைக் கவனிக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிற அவசரம் அவளுக்கு.

"இந்தத் தடவை உன் பேரை எடுத்துடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதே. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

தங்கச்சியின் கண் கலங்கிவிட்டது.

"எடுத்துடாதீங்கக்கா. நான் எழுந்து நின்னு பேசி, நாலு பேர் கேக்குற இடம் அது ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் படிக்க மாட்டேங்குற? தாள் கொடுத்தேன்ல?"

"படிக்கத் தெரியாதுக்கா."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வசன அக்கா திகைத்துப் போனாள். அப்படியானால் இத்தனை மாதமாக எப்படிச் சொன்னாள் என்று கேட்டாள்.

தங்கச்சி சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் அக்காவின் அடுப்படி.

"காலையில நீங்க சொல்றது இங்க அப்படியே கேக்கும். நானும் கூடவே சொல்லிப்பேன்."

வசன அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் வாய்வழியாக ஒரு ஆத்துமா வசனம் கற்றிருக்கிறது. அடுத்த ஞாயிறு சபைமுன் எழுந்து இதைச் சாட்சியாகவே சொல்லிவிட வேண்டும். அப்போது மருந்துக்கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பெயரை எடுப்பதாவது, மிச்ச வசனங்களை இன்றைக்கே உட்கார்ந்து சொல்லித்தந்துவிடலாம்.

"நல்லாக் கேக்குதுன்னா மிச்சமும் கேட்டிருக்கணுமே. நாலாம் வசனத்துல மட்டும் ஏன் நிக்குற?"

தங்கச்சி மறுபடியும் சுவரைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் மாமியார் இருமினாள். பக்கத்திலேயே படுத்திருப்பதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"அட, சும்மா சொல்லு" என்றாள் வசன அக்கா.

"அந்த இடத்துக்கு வரும்போதுதான் பெரியம்மா வெந்நீர் கேப்பாங்க."

வசன அக்காவின் முகம் சுட்டது. இன்று காலை மாமியாரிடம் தான் எரிந்து விழுந்து சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. நேற்றுச் சொன்னதும் வந்தது. ஜென்மத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று தங்கச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் நீங்க சொல்றதும் எனக்கு மனப்பாடம்தான்க்கா. சபையில அது வாய் தவறி வந்துடக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிறேன்."